புகை ஏறிய தேயிலை

அன்று காலை என் கணவர் தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, விழுங்காமல் கன்னத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் துப்பிவிட்டு வந்தார்.

“இதுல என்னா கெடந்துச்சு?”

“தேயிலயும் சீனியும் கெடந்துச்சு. வேற என்னா கெடக்கும்?”

“வாட ஏறியிருக்கு புள்ள.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வட்டவளையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்குப் போய், நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையைத் திறக்க வேண்டும். அதற்குள் சோறாக்கி, மகளை எழுப்பி, பல் விளக்க வைத்து, சட்டையை மாட்டிவிட வேண்டும். இத்தனை அவசரத்தில் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணிக்கு இவர் நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்கிறார். “தொரைக்கு ஊத்துற வெள்ளக் கோப்பையில ஊத்தலன்னு கோவமா?” என்றேன்.

அவரைச் சும்மா சொல்லக்கூடாது. அவருடைய வேலை அப்படிப்பட்டது. தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் ருசி பார்க்கிற அறை என்று ஒன்று இருக்கிறது. முதல் நாள் செய்த தூளில் வகைக்குக் கொஞ்சம் எடுத்து நிறுத்து, கோப்பையில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மணி பார்த்து வடித்து வரிசையாக வைப்பவர் இவர்தான். தோட்டத்தை நடத்துகிற துரையும், தூள் செய்வதைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயாவும் கரண்டியால் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, இது நல்லது இது மட்டம் என்று சொல்லிப் போவார்கள். அவர்கள் போன பிறகு இவரும் உறிஞ்சிப் பார்ப்பார். பன்னிரண்டு வருடமாக அதே வேலை. கல்யாணமான புதிதில் என் அம்மா வீட்டில் விருந்துக்குப் போனபோது இவர் தேத்தண்ணி குடித்த சத்தத்தைக் கேட்டு, அடுத்த வீட்டில் குழாய் உடைந்துவிட்டதா என்று என் தம்பி எட்டிப் பார்த்தான்.

ஆகவே அவர் நாக்கு சொன்னதை என்னால் தட்ட முடியவில்லை. தேயிலைப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். மாதா மாதம் தோட்டத்தில் கொடுக்கும் தூளை அதில்தான் கொட்டி வைப்பேன். குசினியில் ஈரம் இறங்கும் என்று அறைக்குள், மகளின் கட்டிலுக்கு மேலே அடித்திருந்த பலகையில் அதை வைத்திருந்தேன். மூடி வெடித்து, இறுக மூட முடியாமல் போய்ப் பல நாளாகிவிட்டது. அவர் மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

“கொசுவத்தி,” என்றார்.

“கொசுவத்தி கட்டிலுக்கு அடியில இருக்கு. தேயில பலக மேல இருக்கு. ஏணி வெச்சா ஏறுச்சு?”

“தேயில எதையும் இழுத்துக்கும். தெரியாதா ஒனக்கு?”

தெரியும். தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். தூள் சலிக்கிற அறையில் நிற்கும் பெண்கள் வாசனைப் பவுடர் போடக்கூடாது, தலையில் மல்லிகைப்பூ வைக்கக்கூடாது. இவர் வேலை நாளில் வாசனை சோப்பைத் தொடமாட்டார். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த சோப்பு பெட்டி உடையாமலே கிடக்கிறது. ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஆனால் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் வெளியே முற்றத்தில்தான். சாமி முற்றத்துக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வருடம், புதிதாக வந்த காவல்காரர் பக்தி முற்றிப்போய்ச் சலிக்கிற அறைக்குள் சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுபோய்விட்டார். அன்று டீமேக்கர் ஐயா போட்ட சத்தம் மலைக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் பணிய லயம் வரைக்கும் கேட்டதாம். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, அங்கே கிடந்த தூளைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள்.

ஆனால் அது பெக்டரிச் சட்டம். வீட்டில் அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை. அன்று பஸ்ஸில் போகும்போது என் தலைக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் புகை எவ்வளவு தூரம் போகும்? எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி உண்டு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன்.

அந்தக் கேள்வி பிடித்த நேரத்தில் வீட்டில் வேறொரு கவலையும் இருந்தது. எங்கள் மகளுக்கு ஏழு வயது. ஒரு வருடத்துக்கு மேலாகவே அவளுக்கு நெஞ்சில் இழுப்பு. காலையில் எழுந்ததும் கட்டிலில் குந்திக்கொண்டு மூச்சு வாங்குவாள். நெஞ்சில் காதை வைத்தால் விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். ஓடுவாள், பாடுவாள், சண்டை போடுவாள். மறுநாள் காலையில் திரும்பவும் அதே கதை. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்து, முகமூடி போட்டு மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள்.

குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். லயத்தில் சொன்னார்கள், பஸ் கண்டக்டர் சொன்னார், எங்கள் கடைக்குப் பிரதி எடுக்க வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கும் என் கணவரின் அக்கா போனில் அடித்துச் சொன்னார்: “புள்ளய இங்க அனுப்பு. இங்க என்னா குளிரா, மூடுபனியா? ஒரு வருசம் எங்கிட்ட இருந்தா நெஞ்சு காஞ்சி போயிரும்.” நல்ல மனுஷி. வெறும் வாயால் சொல்லிவிட்டு நிற்கவில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பேசி, ஜனவரியில் சேர்க்க இடமும் வாங்கிவிட்டார். பிள்ளைக்கு என்று கட்டில் ஒதுக்கி, பூனைப் படம் போட்ட விரிப்பும் வாங்கி வைத்திருந்தார். மாத முடிவுக்குள் நாங்கள் சரி என்று சொல்ல வேண்டும்.

எனக்கு அவளை அனுப்ப மனமில்லை. ஒரே பிள்ளை. ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைப்பது என் சுயநலம்தானே என்றும் தோன்றும். அனுப்பினால் நான் தவிப்பேன், வைத்துக்கொண்டால் அவள் தவிப்பாள். இப்படியே ஒவ்வொரு நாளும் என்னோடு நானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கொசுவத்தி எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கொண்டுவந்தவள் நான்தான். எங்கள் பக்கத்துக் குளிருக்குக் கொசு வராது என்று முந்தி ஒரு நம்பிக்கை இருந்தது. போன வருடத்து மழைக்காலத்தில் எங்கள் லயத்திலேயே ஒரு அக்காவுக்கு டெங்கு வந்து, பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டது. அந்தச் சமயம் சுகாதாரப் பரிசோதகர் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து எங்கள் கடையில் பிரதி எடுத்தார். நுளம்பு என்கிற கொசு எப்படிப் பரவும், காய்ச்சல் வந்தால் என்னாகும் என்றெல்லாம் படம் போட்டிருந்தது. அத்தனை பிரதியையும் நின்று எடுத்தவள் நான். ஒரே பயங்கரத்தை அத்தனை தடவை பார்த்தால் யாருக்குத்தான் பயம் பிடிக்காது? தண்ணீர் தேங்கவிடாதீர்கள், வலை கட்டுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதெல்லாம் வேலை. நான் நேரே ஹட்டன் கடைத்தெருவில் முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்குப் போனேன்.

“இதக் கொண்டு போங்க தங்கச்சி,” என்று நானா ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். “ரூமுக்குள்ள பத்த வெச்சி கதவ சாத்திட்டீங்கன்னா ஒரு நுளம்பு அண்டாது.”

கதவைச் சாத்துவதற்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வட்டவளை மழை உலகம் அறிந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு அறை, ஒரு குசினி. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். காற்று வராமல் அதற்கு வெளியே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஆணி அடித்திருந்தோம். கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் உரச்சாக்கைச் சுருட்டி வைப்போம். குளிருக்காகச் செய்த ஏற்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவத்தியைக் கொளுத்தி, பிள்ளையின் கால் படாமல் இருக்க அவள் கட்டிலின் அடியிலேயே, தலைமாட்டுப் பக்கம் வைத்துவிடுவேன். இருட்டான மூலையில்தானே கொசு ஒளிந்திருக்கும் என்பது என் கணக்கு. பெட்டி தீர்வதற்குள் அடுத்த பெட்டி வாங்கிவிடுவேன். நல்ல தாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

பிள்ளைக்கு இழுப்பு வந்ததும் அதே மழைக்காலத்தில்தான். இரண்டும் மழையோடு வந்ததால் எல்லாப் பழியையும் மழையின் தலையில் போட்டுவிட்டோம்.

அந்த வாரமே என் கணவரைப் பெக்டரியிலிருந்து புதுப் பொட்டலம் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். ஐந்து சின்னத் தட்டுகளை எடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கில் இரண்டிரண்டு கரண்டி தூளைப் பரப்பினேன். ஒன்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில். ஒன்று அறை ஜன்னல் கட்டையில். ஒன்று அலுமாரியின் தலையில். ஒன்று மகளின் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல். ஒவ்வொன்றுக்கும் அடியில் எந்த இடம் என்று எழுதி மடித்த துண்டுக் கடதாசி. ஐந்தாவது தட்டு என் குறும்பு. சனிக்கிழமை காலையில் கொசுவத்தி எரிந்து சாம்பலாகி, புகை எதுவும் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், அதற்கும் ஒரு கடதாசி எழுதி, அதை அறையின் நடுவில் வைத்தேன். சாயங்காலம் புதிதாகக் கொளுத்துவதற்கு முன்னால் எடுத்துக் குசினியில் மூடி வைத்துவிட்டேன். மற்ற நான்கும் ஞாயிறு காலை வரை அதே இடத்தில் இருந்தன.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த இரண்டு நாளும் கொசுவத்தி வழக்கம்போல எரிந்தது. பிள்ளையும் வழக்கம்போல அங்கேதான் படுத்தாள். தேயிலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துத் தட்டு வைத்த எனக்கு, அவளைக் குசினிப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் நான் தேயிலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு காலை எங்கள் குசினி ருசி பார்க்கிற அறையாகிவிட்டது. வெள்ளைக் கோப்பைகளுக்கு எங்கே போவது? கைப்பிடி உடைந்த இரண்டு, கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட இரண்டு, மகளின் பால் கோப்பை ஒன்று. ஆளுக்கொரு வேலை. என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்து, எது எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே குழம்பும்படி செய்தேன். மகள் போனில் நேரம் பார்த்தாள்.

“அஞ்சு நிமிசம் முடிஞ்சிருச்சிப்பா! ஊத்துங்க!”

அவர் வடித்து வரிசையாக வைத்தார். சாதாரணமாக வீட்டில் இருக்கும்போது இருக்கும் முகம் போய், வேலை முகம் வந்துவிட்டது. கரண்டியை எடுத்தார். முதல் கோப்பையை உறிஞ்சிய சத்தத்துக்கு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வாளியில் துப்பிவிட்டு, “இது சுத்தம்,” என்றார். அடுத்தது. “இதுல லேசா இருக்கு.” மூன்றாவதை இரண்டு தடவை உறிஞ்சினார். “இதுலயும் இருக்கு. ஆனா இது வேற மாதிரி, அடியில ஒட்டிக்கிட்டு நிக்கிது.” நான்காவதற்கு முகத்தைச் சுளித்தார். ஐந்தாவதை வாயில் வைத்த உடனேயே துப்பிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கி வாயைக் கொப்பளித்தார்.

“இது தேயிலயே இல்ல. பெக்டரியில இப்புடி ஒண்ணு வந்தா மொத்தத்தயும் தூக்கிக் குப்பையில போட்டுருவாரு ஐயா.”

நான் கடதாசிகளைப் பிரித்தேன். சுத்தமாக இருந்தது குசினித் தட்டு. லேசாக இருந்தது ஜன்னல் கட்டை. அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது, கொசுவத்தி அணைந்த பிறகு நான் வைத்த குறும்புத் தட்டு. அந்தக் கடதாசியைத் திரும்பவும் ஒரு தடவை படித்தேன். புகை என்பது கண்ணுக்குத் தெரியும்வரைதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது போய்விடவில்லை. போர்வையிலும் தலையணையிலும் சுவரிலும் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. முகம் சுளிக்க வைத்தது அலுமாரியின் தலை.

கடைசிக் கடதாசியை மகள் என் கையிலிருந்து பறித்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். “பாப்பா தலகாணி.” பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள். “ஐ! நான்தான் பஸ்ட்டு!”

என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் வாய்க்குள் ஒரு வினாடி கூட வைத்திருக்க முடியாததை, அவள் ஒன்றரை வருடமாக நெஞ்சுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை. அவர் வெளியே போய் ஜன்னல் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு சேர்ந்து வந்தது. ஜன்னல் ஊறிப்போய் இறுகியிருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பின்பக்கத்தால் நாலு போடு போட்டுத்தான் திறந்தார். அப்போதுதான் சொன்னார்: “தேயிலக்கி வாட ஏறக்கூடாதுன்னு நான் சோப்புக் கூட போடாம போறேன் புள்ள. இங்க பாரு என்னா செஞ்சி வெச்சிருக்கோம்.”

செவ்வாய்க்கிழமை மகளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டொக்டர் மிஸ் சிங்களத்தில்தான் பேசுவார். எனக்குச் சிங்களம் கடைச் சிங்களம், ஆனால் கதை சொல்லப் போதும். தட்டு வைத்த கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், முதல் தடவை வந்தபோதே வீட்டில் புகை இருக்கிறதா என்று கேட்டேனே, இல்லை என்றீர்களே என்றார்.

ஆமாம், கேட்டார். நான் பெருமையாக, எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு என்று சொன்னேன். விறகு எரித்த காலமெல்லாம் போய்விட்டது என்று காட்டிக்கொள்ள வேண்டும் எனக்கு. கொசுவத்தியைப் புகைக் கணக்கில் சேர்க்க என் மூளைக்கு எட்டவே இல்லை. அது மருந்துக் கணக்கில் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. கொசுவத்தி என்பது பெரும்பாலும் மரத்தூள், அதில் கொஞ்சம் மருந்து, மெதுவாக எரிகிறபோது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூசு வரும், அது மூக்கில் நிற்காமல் நெஞ்சின் ஆழம்வரை போகும், சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாய் ஒடுக்கம், அது எரிச்சல்பட்டால் இன்னும் ஒடுங்கும் என்று படம் வரைந்து காட்டினார். நான் விடவில்லை. மூலிகை என்று எழுதிய கொசுவத்தி வாங்கினால்? அதிலும் தூள்தானே எரிகிறது என்றார். தூரமாக வைத்தால்? அறை மூடியிருந்தால் தூரம் என்று ஒன்று இல்லை என்றார். அப்படியென்றால் இழுப்புக்கு இதுதான் காரணமா? அதற்கு மட்டும் அவர் உறுதியாகப் பதில் சொல்லவில்லை. இழுப்பு உள்ள பிள்ளைக்குக் குளிரும் சேராமல் இருக்கலாம், சளியும் கிளப்பலாம். ஆனால் புகையை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள், எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தாமல் கொடுங்கள், வலை கட்டுங்கள், மூன்று வாரம் கழித்து நெஞ்சைக் கேட்டுப் பார்க்கிறேன், அதன் பிறகு வத்தளை விஷயத்தை முடிவு செய்யலாம் என்றார்.

அன்றே வலை வாங்கினேன். போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துக் காய வைக்க, வட்டவளை வெயிலை நம்பி நாலு நாள் காத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்தோம். கானில் கிடந்த யோகட் கோப்பைகளை லயத்துப் பெண்களோடு சேர்ந்து பொறுக்கினோம். பகலில் ஜன்னல் திறந்தே கிடந்தது. குளிர் உள்ளே வந்து தாராளமாக உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்கு இரண்டு சட்டை போட்டுவிட்டேன். தட்டு வைத்த கதை லயம் முழுக்கப் பரவி, நாலாவது வீட்டில் ஒருவர் தன் வீட்டிலும் தட்டு வைத்துப் பார்த்து, அதை என் கணவரிடம் கொண்டுவந்து ருசி பார்க்கச் சொன்னார். இவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளாகிவிட்டது.

இதற்கிடையில் வத்தளையிலிருந்து என் கணவரின் அக்கா, அதாவது என் அண்ணி, போனில் கூப்பிட்டார். இடத்தை உறுதி செய்யச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்றார். கிளினிக் நாள்வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பேச்சோடு பேச்சாக எனக்கு ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்.

“அண்ணி, ஒங்க வீட்டுல கொசுவத்தி வெப்பீங்களா?”

“வெக்காம? இங்க கொசு தெரியுந்தானே. ஆறு மணிக்கே ரூமுக்கு ஒண்ணு வெச்சி எல்லாத்தயும் சாத்திருவோம். பாப்பா ரூமுக்கு ரெண்டு வெக்கிறேன், நீ பயப்புடாத.”

குளிருக்குப் பயந்து பிள்ளையை எதற்குள் அனுப்பப் பார்த்தோம் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கு என்ன புரிந்ததோ, “நீ ஏன் சிரிக்கிற?” என்று கேட்டார். தட்டு வைத்த கதையைச் சொன்னேன். அதைக் கேட்டதும், தன் வீட்டுக்காரருக்கும் விடியக்காலையில் ஒரு இருமல் இருக்கிறது என்றார்.

மூன்று வாரம் போனது. காலையில் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பேன். விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, சில நாள் கேட்கவேயில்லை. ஆனால் நான் ஆசைப்பட்டதால் என் காதுக்கு அப்படிக் கேட்கிறதோ என்று சந்தேகம். கிளினிக்கில் டொக்டர் மிஸ் முன்னும் பின்னும் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். மூச்சை இழுத்துவிடச் சொல்லித் திரும்பவும் கேட்டார். முந்தினதைவிட எவ்வளவோ நல்லது, இப்போதைக்கு எங்கேயும் அனுப்ப வேண்டாம், உங்களோடேயே இருக்கட்டும் என்றார். மழைக்குள் இன்னொரு தடவை இழுப்பு வந்தாலும் வரலாம், வந்தால் பயப்படாமல் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பின்னால் நீளமாக வரிசை நின்றதால் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஹட்டனில் பஸ் ஏறினோம். மகளுக்கு ஜன்னல் சீட். நல்ல செய்தியை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, பஸ் றொசல்லயைத் தாண்டும்போதுதான் சொன்னேன்.

“பாப்பா, நீ வத்தளைக்கிப் போக வேணாம். எங்களோடயே இருக்கலாம்.”

துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஜனவரியிலயுமா?”

“ஜனவரியிலயும்.”

“நான் இருமுனாக்கூடயா?”

எனக்குப் புரியவில்லை. “இருமுனா என்னா?” என்றேன்.

“இருமல் வந்தா நான் குப்புறப் படுத்து தலகாணியில மொகத்த அமுக்கிக்குவேன். அப்ப ஒங்களுக்கு கேக்காது. கேட்டா அத்த வீட்டுக்கு அனுப்பிருவீங்கல்ல?”

“எப்ப இருந்து அப்புடி செய்ற?”

“அத்த போன்ல சொன்னாங்கல்ல, புள்ளய அனுப்புன்னு. அன்னைக்கி இருந்து.”

அண்ணி முதன்முதலாக அதைச் சொல்லி எத்தனையோ மாதமாகியிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தேயிலை வைத்தவள் நான். அந்தத் தலையணைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, இருமலை விழுங்கி விழுங்கி அவள் மூச்சு விட்டிருக்கிறாள். எங்களோடு இருப்பதற்காக. இவ்வளவு கேள்வி கேட்கிற நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு, அந்தப் பஸ்ஸில் வாய்விட்டு அழுதிருப்பேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

“இனிமே இருமல் வந்தா சத்தமா இருமணும்,” என்றேன். “அம்மாவுக்கு கேக்கணும். எவ்வளவு இருமுனாலும் ஒன்ன எங்கயும் அனுப்ப மாட்டேன்.”

அவள் என்னை நம்புவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இருமல் வராமலே, வேண்டுமென்றே, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி இரண்டு தடவை பலமாக இருமினாள். இருமிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.